வெள்ளிமலைப் பிள்ளைகள் எந்த அருங்காட்சியகத்துக்குப் போவார்கள்?

கல்வராயன் மலையிலும் அதன் அண்டை மலைகளான சேர்வராயன், சவ்வாது மலைகளிலும் சில ஊர்களில் கோயில் வாசலிலோ மரத்தடியிலோ வழவழப்பான கற்களைக் கூட்டி வைத்திருப்பார்கள். கைக்குள் அடங்குகிற கல். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் பருமன். ஊரார் கண்ணுக்கு அது சாமிக் கல். மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். தொல்லியல் அறிந்தவர் கண்ணுக்கு அது புதிய கற்காலக் கோடாரி. இரும்பைக் காணாத மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தேய்த்துத் தீட்டி, மரக்காம்பில் பொருத்திக் காடு திருத்திய கருவி. மண்ணைக் கிளறும்போது கிடைத்ததை வீசி எறிய மனம் வராமல் சாமியிடம் சேர்த்தவர்கள் மலைமக்கள்.

அதே வகைக் கற்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கி வைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தவர். வாழ்நாளெல்லாம் அவர் சேர்த்த கற்கருவித் தொகுப்பு எழும்பூருக்குத்தான் வந்து சேர்ந்தது. மலையில் மஞ்சள் பூசிய கல், நகரத்தில் எண் எழுதி ஒட்டிய கல்.

பள்ளிச் சுற்றுலாவில் வந்த மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தி அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'உங்க ஊர்ல இந்த மாதிரிக் கல்லைப் பாத்திருக்கியா பாப்பா?' என்று அவளைக் கேட்க அங்கே யாராவது இருக்கிறார்களா? பள்ளிப் பிள்ளைகளை ஓர் அருங்காட்சியகம் எப்படி வரவேற்கிறது என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே அளந்துவிடலாம். கேட்க ஆள் இருந்தால் அவள் வாயிலிருந்து ஒரு கதை வரும். கூடவந்த மற்ற பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள். ஆள் இல்லாவிட்டால் 'வரிசையில வா, தொடாதே, சீக்கிரம் நட' என்ற மூன்று கட்டளைகளோடு அவள் வெளியே வந்துவிடுவாள்.

முதல் தடை சாலை

கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது. அரசு அருங்காட்சியகம் வரவில்லை. இங்குள்ள பள்ளிகள் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போக நினைத்தால் கடலூர், சேலம், திருவண்ணாமலை என்று அடுத்த மாவட்டங்களுக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும். எழும்பூரும் கீழடியும் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

சமவெளிப் பள்ளிகளுக்கே இந்த நிலை. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஏகலைவா மாதிரிப் பள்ளியிலும்தான். கச்சிராயபாளையம் வழியாக மலை இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்து சேர்வதே ஒரு பயணம். அங்கிருந்து சென்னைக்கு விடியலுக்கு முன்பே புறப்பட வேண்டும்.

கீழடி அருங்காட்சியகத்தைத் திறந்தபோது மாணவர்களுக்கு ஐந்து ரூபாய்க் கட்டணம் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் மலைப்பள்ளித் தலைமை ஆசிரியரின் கவலை நுழைவுச்சீட்டைப் பற்றியதே அல்ல. வேன் வாடகை, டீசல், இரண்டு வேளைச் சாப்பாடு, இரவு தங்க நேர்ந்தால் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம், இவைதான் கணக்கு. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை கையைத் தூக்காது. சுற்றுலா நாளன்று வகுப்பறையில் மீந்து உட்கார்ந்திருக்கும் நாலைந்து பேரை நம் பள்ளிகளில் படித்த எவரும் மறந்திருக்க முடியாது. அந்த நாலைந்து பேரில் மலைப் பிள்ளைகளே எப்போதும் அதிகம் இருப்பார்கள் என்றால், கட்டணச் சலுகை யாருக்குப் போய்ச் சேருகிறது?

நாட்காட்டியும் இவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. உலக அருங்காட்சியக நாள் மே 18. 1977 முதல் உலகெங்கும் கொண்டாடுகிறார்கள். அன்று நம் பள்ளிகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். உலக மரபு நாள் ஏப்ரல் 18, ஆண்டுத் தேர்வுக் காலம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மலைப்பாதையில் பிள்ளைகளை ஏற்றி இறக்க எந்த ஆசிரியரும் யோசிப்பார். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கென்று தனியாக ஓர் அருங்காட்சியக வாரம் வேண்டும். அதைத் தை மாதத்தில், பொங்கல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது.

உள்ளே நுழைந்த பிறகு

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அடுத்து நாட்டிலேயே பழையது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள், அமராவதிச் சிற்பங்கள், திமிங்கல எலும்புக்கூடு, குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி எல்லாம் அங்கே உண்டு. ஒரு நாள் முழுக்கப் பார்த்தாலும் போதாது. வெளியூர்ப் பள்ளிக்குக் கிடைப்பதோ ஒரு மணி நேரம். கோளரங்கம், வண்டலூர், மெரினா, தலைவர்களின் நினைவிடங்கள் எல்லாவற்றையும் அதே நாளில் முடித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை எழும்பூருக்கு விடுமுறை என்பது தெரியாமல் வாசல் வரை வந்து திரும்புகிற வேன்களும் உண்டு.

கூட்டமாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது வரலாறு இல்லை. கழிப்பறை வேண்டும். மூன்று மணி நேரம் வண்டியில் வந்த நாற்பது பெண் பிள்ளைகளுக்கு இரண்டே கழிப்பறை என்றால், கொடுத்த ஒரு மணி நேரத்தில் பாதி அங்கேயே போய்விடும். அடுத்தது குடிதண்ணீர். அதற்கடுத்தது, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை உட்கார்ந்து பிரிக்க ஒரு நிழல். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று ஒதுக்கும் நிர்வாகி பிள்ளைகளோடு பயணம் செய்தவராக இருக்க முடியாது.

பிறகு பெட்டியின் உயரம். பெரியவர் கண்மட்டத்துக்கு வைத்த பொருளை ஆறாம் வகுப்புப் பிள்ளை எக்கி நின்றுதான் பார்க்கிறது. விளக்கப் பலகையில் 'கி.மு. 2000, புதிய கற்காலம், கருங்கல்' என்று எழுதியிருக்கும். யார் செய்தார், எதற்குச் செய்தார், எத்தனை நாள் தேய்த்தால் இந்த வழவழப்பு வரும் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும் கேள்விகள் ஒன்றுக்கும் அதில் பதில் இருக்காது. கல்லும் கல்லும் உரசுகிற ஓசையைப் பிள்ளை தன் கையாலேயே எழுப்பிப் பார்க்க ஒரு மாதிரிக் கல்லும் ஒரு தேய்ப்புக் கல்லும் போதும். அதற்குக் கோடிகள் தேவையில்லை, அருகே நின்று சொல்லித்தர ஓர் ஆள்தான் தேவை. நம் அருங்காட்சியகங்களில் கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் ஆட்களுக்குக் கிடைப்பதில்லை. பள்ளிக் குழு தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இதைச் சரியாகச் செய்கிற இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா 1996-ல் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் போகலாம், திண்ணையில் உட்காரலாம். குயவர் சக்கரத்தில் கை வைத்துப் பார்க்கலாம், ஓலை முடையக் கற்கலாம். பள்ளிக் குழுக்களுக்கென்றே வகுப்புவாரியாகப் பயிற்சிகள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே அடிக்கடி போக முடிவது பெரும்பாலும் நகரத்துப் பள்ளிகளுக்குத்தான்.

யார் பார்க்கிறார், யாரைப் பார்க்கிறார்?

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அருங்காட்சியகத்தில் பழங்குடிகள் வெகுகாலமாகக் காட்சிப் பொருளாகவே இருந்திருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நிர்வகித்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய 'தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் சேலம் பகுதி மலையாளிப் பழங்குடி மக்களும் இடம் பெற்றிருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதை அதில் பதிவாகியிருக்கிறது. பயனுள்ள பதிவுதான். ஆனால் அளந்த கை ஒருவருடையது, அளக்கப்பட்ட மூக்கு வேறொருவருடையது. அதை மறந்துவிட்டு மானுடவியல் கூடத்தைச் சுற்றிவர முடியாது.

கல்வராயன் மலையிலும் வாழும் இந்த மலையாளி மக்கள் இன்று தமிழ்நாட்டின் மிகப்பெரிய பழங்குடி. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல். மாநிலத்துப் பழங்குடி மக்கள் மொத்தம் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், ஏறத்தாழ பாதிப் பேர் இவர்களே. பழங்குடி அருங்காட்சியகம் என்றால் நம் நினைவுக்கு வருவது உதகையில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம்தான். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் இருக்க வேண்டிய இடம் அது. எண்ணிக்கையில் முதலில் நிற்கும் மக்களுக்கு அவர்கள் வாழும் மலையிலேயே ஒரு கூடம் கேட்பது பேராசை ஆகாது.

போபாலில் இந்திரா காந்தி தேசிய மனித அருங்காட்சியகம் இருநூறு ஏக்கரில் பரந்து கிடக்கிறது. நாட்டின் பல பகுதிப் பழங்குடிகள் அங்கே நேரில் வந்து, தங்கள் ஊரில் கட்டுவது போலவே தங்கள் கையால் வீடு கட்டிக் கொடுத்தார்கள். குஜராத்தின் தேஜ்கட்டில் கணேஷ் தேவி முன்னின்று உருவாக்கிய ஆதிவாசி அகாடமியில் 'வாசா' என்ற குரல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆதிவாசி மக்களின் மொழிக்கும் இசைக்கும் வாய்மொழிக்கும் அங்கே முதலிடம். இரண்டிலும் அந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். பள்ளிக் குழு உள்ளே வரும்போது இந்த வேறுபாடு பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும்.

மலையடிவாரத்தில் இருப்பதையே காட்டலாம்

அருங்காட்சியகக் கட்டடம் எழும்பும்வரை கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த மாவட்டம் அப்படி வெறுமையாகக் கிடக்கவில்லை.

திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பை ஊர்க் குன்றில் இயற்கையான குகை ஒன்று உண்டு. அதன் பாறையில் இருக்கும் தமிழ்ப் பிராமி எழுத்தைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1981-ல் கண்டுபிடித்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று சொல்கிறது அந்த ஒற்றை வரி. அதியமானுக்கு முன்னொட்டாக 'ஸதியபுதோ' என்று இருக்கிறது. அசோகர் தம் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்துக் குறிப்பிட்ட சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கைத் தீர்த்துவைத்தது இந்தப் பாறை. அசோகரைப் பாடமாகப் படிக்கும் ஒரு பிள்ளை மதியச் சோற்றுக்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இப்படி ஒரு சான்று. இந்தியாவில் எத்தனை மாவட்டங்களுக்கு இந்தப் பேறு உண்டு?

அதே திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று நிற்கிறது. பாரி மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர் நீத்ததை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டு பேசுகிறது. அதியமான் கோவலூரை, அதாவது இந்தத் திருக்கோவிலூரை, வென்றதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. தியாகதுருகத்தில் மலைக்கோட்டை இருக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் மரச்சிற்பிகளின் பட்டறைகள் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. வாகைப் பலகையில் உளி இறங்குவதைப் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளை, பிறகு எந்தக் கோயில் தேரைப் பார்த்தாலும் வேறு கண்ணோடு பார்க்கும். மாவட்டத்தைத் தாண்டிச் சற்றே போனால் திருவக்கரைக் கல்மரப் பூங்கா, 2025-ல் உலக மரபுச் சின்னமான செஞ்சிக் கோட்டை.

இவற்றை இணைக்கத் தெரிந்த ஆசிரியர்தான் இங்கே அருங்காட்சியகம். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே.இராஜகுரு தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்தினார். அரசுப் பள்ளி மாணவர்கள் கல்வெட்டுப் படிக்கவும் படியெடுக்கவும் கற்றார்கள். தங்கள் ஊர்களில் கிடைத்த பானை ஓடுகளையும் காசுகளையும் அடையாளம் கண்டு சொன்னார்கள். சுற்றுலா போன பிள்ளைகள் ஆய்வாளர்களாகத் திரும்பினார்கள். கள்ளக்குறிச்சியில் பத்துப் பள்ளிகளில் இப்படி மன்றம் அமைந்தால் ஜம்பைப் பாறையில் பெயர் கிறுக்குகிற கைகளும் குறையும்.

மலையிலிருந்து பிள்ளைகளை இறக்குவது கடினம் என்றால் அருங்காட்சியகம் மலையேற வேண்டும். இது புதிய யோசனை இல்லை. 1965-லேயே கல்கத்தாவின் பிர்லா தொழில் அருங்காட்சியகம் பேருந்தில் அறிவியல் காட்சிகளை ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பியது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் 2015 முதல் பேருந்தில் தன் பொருள்களைக் கொண்டு போகிறது. எழும்பூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஒரு பேருந்து ஆண்டுக்கு ஒரு வாரம் வெள்ளிமலையிலும் சேலம் பக்கத்துக் கருமந்துறையிலும் நின்றால், மலையின் இருபக்கப் பிள்ளைகளும் பார்த்துவிடலாம்.

1976-க்கு ஒரு நினைவிடம்

நாடு 1947-ல் விடுதலை பெற்றது என்று கல்வராயன் மலைப் பிள்ளையும் படிக்கிறது. ஆனால் அந்த மலைக்கு அது போய்ச் சேர இன்னும் ஒரு தலைமுறை ஆனது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது மலை. மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976-ல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து மலை முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. மலையில் முதியவர்கள் பலருக்கு சுதந்திரம் என்றால் அந்த ஆண்டுதான்.

இந்த வரலாற்றுக்குத் தமிழ்நாட்டில் பெயர் சொல்லும்படி ஒரு நினைவிடம் இல்லை. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்குக் கோட்டை எழுப்பினோம், எட்டயபுரத்தில் பாரதியின் வீட்டைக் காத்தோம், மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் அண்ணலின் இரத்தக்கறை படிந்த ஆடையைப் பிள்ளைகள் மௌனமாகப் பார்த்துப் போகிறார்கள். எல்லாம் சரியே. 1976 வரை ஜாகீர்தாருக்குக் கட்டுப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்தின் கதையும் அதே வரிசையில் வரவேண்டியது.

வெளியுலகம் இந்த மலையை எப்படி அறிந்திருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானபோது கல்வராயன் மலையின் பெயர் நாடெங்கும் அடிபட்டது, சாராய மலை என்று. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம், அடிப்படை வசதிகள் பற்றி அரசைக் கேட்டது. வெள்ளிமலைப் பிள்ளை கீழே படிக்கப் போகும் இடத்தில் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் போகிறது. அதற்குப் பதில் சொல்ல அதன் கையில் வேறொரு கதை வேண்டும். சாமையும் கேழ்வரகும் விளைந்த கதை, கடுக்காயும் தேனும் சேகரித்த கதை, ஜாகீரைக் கடந்து வந்த கதை.

இதில் ஜப்பானிடமிருந்து கற்க ஒன்று உண்டு. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு அந்நாட்டுப் பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்து வருகின்றன. அணுகுண்டிலிருந்து தப்பியவர்கள் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து தாங்கள் பட்டதைச் சொல்வது அந்தப் பயணத்தின் உயிர்நாடி. அவர்கள் முதுமையடைந்து மறையத் தொடங்கியதும் ஹிரோஷிமா நகர நிர்வாகம் 2012-ல் ஒரு பயிற்சியைத் தொடங்கியது. இளையவர்கள் ஒவ்வொரு முதியவரிடமும் நெடுநாள் அமர்ந்து கேட்டு, அவர் அனுபவத்தை அவருக்குப் பிறகும் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். கட்டடம் இல்லாமலே ஓர் ஊர் இதைச் செய்துவிட முடியும்.

வெள்ளிமலையில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தையும் பழங்குடியினர் நலத்துறையையும் அருங்காட்சியகங்கள் துறையையும் கேட்கிறேன். சென்னையிலிருந்து வரைபடம் வரவேண்டாம். மலைமக்களே மண்ணும் மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டட்டும். உரலும் திருகையும் குதிரும் அவர்கள் தருவதாக இருக்கட்டும். சாமிக் கற்களை மரத்தடியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வர வேண்டாம். அவை இருக்கும் இடத்துக்கே பிள்ளைகளை அழைத்துப் போகலாம். வருகிற பள்ளிக் குழுக்களுக்கு வழிகாட்டியாக உள்ளூர் இளைஞர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். நல்ல கழிப்பறையை முதல் நாளே கட்டிவிட வேண்டும்.

அதுவரை காத்திராமல் மலைப்பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஜாகீர் காலத்தைக் கண்ட ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து கேட்டு, கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து, பெயரும் ஊரும் தேதியும் எழுதிப் பள்ளியில் சேர்க்கட்டும். 1976-ல் இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது எழுபதை ஒட்டி நிற்கிறார்கள்.